தவளக்குப்பமும் கணிப்பொறித் தலைமுறைகளும்

புதுச்சேரியினின்று கடலூரை நோக்கித் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டி, நோணாங்குப்பத்தை அடுத்துள்ள சுண்ணாம்பாற்றுப் பாலத்தின்மேல் ஏறி இறங்கினால், முதலில் இடையார்பாளையமும் அதனோடு ஒட்டித் தவளக்குப்பமும் வந்து சேரும். நாற்சந்தியில் மேற்கே பிரியும் சாலை, சிங்கிரிகுடி நரசிம்மரைத் தரிசிக்கச் செல்வோரை அபிஷேகப்பாக்கத்தின் வழியாக அழைத்துக்கொண்டு போகிறது; கிழக்கே பிரியும் பாதைகள் பூரணாங்குப்பம், நல்லவாடு முதலிய கடலோரச் சிற்றூர்களில் சென்று முடிகின்றன. இப்பிரதேசத்தை அறியாத ஒருவர், பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தவாறே இதனைச் சாதாரணமான ஒரு கடைத்தெரு என்று கருதிக் கடந்துவிடுவார். ஆனால், நம் தேசத்து அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் மேசையின்மேல் வீற்றிருக்கும் கணிப்பொறிகளுள் பல, இந்தச் சாலையோரத்தில்தான் உறுப்போடு உறுப்பு சேர்க்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, அட்டைப்பெட்டியில் அடைபட்டு லாரி ஏறியிருக்கின்றன. லெனோவோ என்னும் ஸ்தாபனத்தின் தொழிற்கூடம் இங்கே இருப்பதுதான் அதற்குக் காரணம்.

அந்தத் தொழிற்கூடத்திற்கு மிக அருகில் வசிப்பவனாகிய என் மேசையிலும் ஒரு கணிப்பொறி இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் வாங்கியது. இன்டெல் நிறுவனத்தார் மூன்றாம் தலைமுறை என்று பெயரிட்ட பிராசஸர் அதனுள் இருக்கிறது. அதனை மாற்றிப் புதிய தலைமுறைக்குப் போவதா, இருப்பதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதா என்ற யோசனை சில மாதங்களாக என்னை விட்டபாடில்லை. இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தபோது, விலைப்பட்டியல்களைப் பார்ப்பதைக் காட்டிலும், இந்த ஊருக்குக் கணிப்பொறி வந்த வரலாற்றையும், இதற்கு முன் மக்கள் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் எதன்பொருட்டு மாறினார்கள் என்பதையும் காலகிரமத்தில் வைத்துப் பார்ப்பதே அதிகப் பிரயோசனமாயிருக்கும் என்று எனக்குத் தோன்றிற்று.

ஒரு கடலோரக் குப்பத்திற்குக் கணிப்பொறித் தொழில் ஏன் வரவேண்டும்? இங்கே மண்ணில் சிலிக்கான் விளையவில்லை. ஆற்றின் அருகாமையும் அதற்குக் காரணமன்று. வரி விகிதமே காரணம். புதுச்சேரியின் கைத்தொழில் வரலாறு முழுவதையும் ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு, எல்லைக்கோட்டின் இப்புறத்திற்கும் அப்புறத்திற்கும் இடையேயுள்ள தீர்வை வித்தியாசமே இப்பிரதேசத்தின் ஜீவாதாரமாக இருந்து வந்திருப்பது புலப்படும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நீலச்சாயம் தோய்ந்த கின்னித்துணி இங்கிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் கரை வரை சென்றது. அதற்குப் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்குள் கிடைத்த சலுகை பெருந்துணையாயிற்று. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்துகொண்ட சுங்க ஒப்பந்தமும், 1949இல் அது முறிந்ததும் இவ்வூர் வர்த்தகர்களை ஏற்றியும் இறக்கியும் வைத்தன. 1954 நவம்பர் முதல் தேதியன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த பின்னர், இது மத்திய ஆட்சிப் பகுதியாயிற்று. அதனால் புதியதொரு வித்தியாசம் பிறந்தது. வருமான வரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் தொழில்வளத்தில் பின்தங்கிய பிரதேசங்களுள் ஒன்றாகப் புதுச்சேரியும் இடம்பெற்றது. இங்கே புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு முதல் ஐந்து ஆண்டுகளின் இலாபத்தின்மீது முழு விலக்கும், அதன்பின் ஒரு பங்கு விலக்கும் கிடைத்தன. 2004 மார்ச்சுக்குள் உற்பத்தியைத் தொடங்கியவர்களுக்கே அச்சலுகை. அண்டை மாநிலங்களைவிட விற்பனை வரியும் அக்காலத்தில் இங்கே குறைவாயிருந்தது.

விளைவு என்ன? புதுச்சேரியின் சேதராப்பட்டில் எச்.சி.எல். தொழிற்கூடம் அமைத்தது. விப்ரோ வந்தது, தைவான் நாட்டு ஏசர் வந்தது. ஐ.பி.எம். என்னும் அமெரிக்கப் பெருநிறுவனத்தின் கணிப்பொறித் தொழிற்கூடமும் புதுச்சேரியில் அமைந்தது. இந்த ஐ.பி.எம்.மின் கதை தனியே சொல்லத்தக்கது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இந்தியர்களுக்குப் பங்கு கொடுக்க இசையாமல் 1978இல் நம் நாட்டை விட்டு வெளியேறிய அந்நிறுவனம், 1992இல் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தது. பிற்பாடு தன்னுடைய தனிநபர்க் கணிப்பொறித் தொழில் முழுவதையும் சீனத்து லெனோவோவுக்கு விற்றுவிட்டது. 2004 டிசம்பரில் பேசி முடித்த அந்த விற்பனை 2005 மே மாதத்தில் நிறைவேறிற்று. நியூயார்க்கிற்கும் பெய்ஜிங்கிற்கும் இடையே கையெழுத்தான அந்தப் பத்திரத்தினால், புதுச்சேரித் தொழிற்கூடத்தின் வாசற்பலகையும் மாறிற்று. உலகத்து மேசைக் கணிப்பொறி வரலாற்றில் ஒரு யுகசந்தி என்று சொல்லத்தக்க அந்நிகழ்ச்சி, சுண்ணாம்பாற்றுக் கரையில் ஒரு பெயர்ப்பலகை மாற்றமாக நடந்து முடிந்தது.

இங்கே நடப்பது உறுப்புகளைக் கோக்கும் வேலையே. பிராசஸர் இங்கே பிறப்பதில்லை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வெளிநாட்டினின்று வரும் போர்டில் பிராசஸரைப் பொருத்தி, நினைவகத்தைச் செருகி, வட்டினை இணைத்து, மின்சாரம் பாய்ச்சிச் சோதித்து, மென்பொருளை ஏற்றி அனுப்புவது இங்கே நடைபெறும் காரியம். பிராசஸரோ அமெரிக்காவிலோ அயர்லாந்திலோ இஸ்ரேலிலோ சிலிக்கான் தகட்டில் பதிக்கப்பட்டு, பெரும்பாலும் மலேசியாவிலோ வியட்நாமிலோ உறையிடப்பட்டு வருகிறது. இன்டெல் நிறுவனத்தார் 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கில் அதற்கான கூடத்தை அமைத்தார்கள். தொண்ணூறுகளில் வந்த பழைய பென்டியம் சில்லுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், அவற்றின்மேல் ‘மலாய்’ என்று ஆங்கில எழுத்துகளில் பொறித்திருப்பதைக் காணலாம்.

அந்த ஒரு சொல் என் மனத்தை எப்போதும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னே இழுத்துச் சென்றுவிடும். தவளக்குப்பத்திற்கு வடக்கே, சில மைல் தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. மார்ட்டிமர் வீலர் 1945இலும், அவரை அடுத்து பிரெஞ்சுக்காரராகிய கசால் என்பவரும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்து பார்த்த அம்மேட்டில், ரோமாபுரி மட்கலங்கள் கிடைத்த செய்தி எல்லோருக்கும் தெரியும். அதனினும் விசேஷமானவை அங்கே கிடைத்த கண்ணாடி மணிகள். மணலை உருக்கிக் குழலாக இழுத்து, கடுகளவாய் அறுத்து, மறுபடியும் சூடுகாட்டி முனை மழுக்கி எடுத்த மணிகள் அவை. அதே முறையில் செய்த மணிகள் மலாய்த் தீபகற்பத்தில், நம் முன்னோர் கடாரம் என்று வழங்கிய கெடா கரையிலும் அதற்குத் தெற்கே பேராக் பகுதியிலும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. மணலில் உள்ள சிலிக்காவைப் பதப்படுத்தி இந்தக் கரையினர் ஆக்கிய பண்டத்தை அந்தக் கரையினர் விரும்பி அணிந்தார்கள். இன்று அதே மணலினின்று பிரித்த சிலிக்கானை நுண்ணியதாக வகிர்ந்து, அந்தக் கரையில் உறையிட்டு அனுப்ப, இந்தக் கரையினர் பெட்டியில் பொருத்துகிறார்கள். கடல்வழி ஒன்றே, சரக்கின் போக்குத்தான் திசை மாறியிருக்கிறது. இந்த ஆற்றங்கரையில் வாழ்பவன் இதனை எண்ணாமல் இருப்பது கடினம்.

இனி, தலைமுறைகளின் கதைக்கு வருவோம். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. என்னும் மேசைக் கணிப்பொறியில் இருந்தது இன்டெலின் 8088. அதன் துடிப்பு வினாடிக்கு நாற்பத்தேழு இலட்சத்து எழுபதாயிரம். அதனுள் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 29,000. அடுத்த ஆண்டு வந்த 286இல் அவை 1,34,000 ஆயின. 1985இன் 386இல் 2,75,000. 1989இன் 486இல் பன்னிரண்டு இலட்சம். 1993இல் வந்த பென்டியத்தில் முப்பத்தொரு இலட்சம். இந்தியாவில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணிப்பொறிக் கொள்கைக்குப் பிறகே இறக்குமதிக் கட்டுகள் தளர்ந்து, இவை பெருநகரங்களின் அலுவலகங்களுக்கு வரலாயின. அக்காலத்தில் ஒருவர் 286ஐ விட்டு 386க்கு மாறுவதென்றால், முழுப்பெட்டியையும் மாற்றுவதாகவே இருந்தது. வீட்டுக்கு வாங்குவோர் அபூர்வம். வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் ஆலையும்தான் வாங்கின. 1999ஆம் ஆண்டின் இறுதியில், ஆண்டினை இரண்டே இலக்கத்தில் குறித்துவைத்த பழைய பெட்டிகள் 2000 பிறந்ததும் தடுமாறும் என்ற அச்சம் பரவியபோது, அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வீச்சில் கழிக்கப்பட்டன.

புதியது என்பதனாலேயே ஒன்று குற்றமற்றது ஆகிவிடாது என்பதையும் அந்தக் காலமே உணர்த்தியிருக்கிறது. பென்டியம் வெளிவந்த மறு ஆண்டில், 1994இல், லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி என்பவர், பகா எண்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் விடைகள் பிழைபடுவதைக் கண்டு, காரணத்தைத் துருவித் துருவி ஆராய்ந்து, அச்சில்லு சில வகுத்தல் கணக்குகளைத் தவறாகச் செய்கிறது என்று நிலைநாட்டினார். இன்டெல் முதலில் அதனைச் சிறு பிழை என்றது. பின்னர் கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தர இசைந்து, 47 கோடியே 50 இலட்சம் டாலரை அதற்காக ஒதுக்கிற்று.

நம்மவரைப் பொறுத்தவரை, பிராசஸர் தலைமுறை மாற்றங்களுள் எது மிக முக்கியமானது என்று என்னைக் கேட்டால், வேகத்தால் வந்த எதையும் சொல்ல மாட்டேன்; தமிழால் வந்த ஒன்றையே சொல்வேன். இதனைச் சற்று விரித்துரைக்க வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். எண்பதுகளிலேயே கனடாவில் ஆதமி, மலேசியாவில் முரசு ஆகிய மென்பொருள்கள் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டன. அவற்றைத் தொடர்ந்து ஸ்ரீலிபி, வானவில் முதலிய எழுத்துருக்களை ஏற்றிக்கொண்டு, பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும் கோத்துக் கொடுக்கும் டி.டி.பி. நிலையங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. ஆனால் ஒரு நிலையத்தில் தட்டிய தமிழ் மற்றொரு நிலையத்தில் திறந்தால் பொருளற்ற குறிகளின் குவியலாகக் காட்சி தரும். ஏனெனில், ஒவ்வோர் எழுத்துருக்காரரும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளுக்கு எண் இட்டிருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு, தமிழ்99 விசைப்பலகையையும் பொதுக் குறியீடுகளையும் வகுத்து அந்தக் குழப்பத்தைக் குறைக்க முயன்றது. நிரந்தரமான பரிகாரம் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில்தான் இருந்தது.

ஒருங்குறியிலே ‘கொ’ என்ற எழுத்தைச் சேமிக்கும்போது, முதலில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் வரிசையாக நிற்கும். திரையில் காட்டும்போதோ கொம்பினை முன்னும் காலினைப் பின்னும் பிரித்து வைக்க வேண்டும். கையால் எழுதுகிறவனுக்கு இது இயல்பு. பொறிக்கோ ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கணிதம். அக்கணிதத்தைத் தன்னகத்தே கொண்டு முதன்முதலில் வந்தது 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000. அதனோடு லதா என்ற எழுத்துருவும் வந்தது. வீடுகளுக்கு அது பரவியது 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியின் மூலமாக. எக்ஸ்பி ஏற வேண்டுமானால் குறைந்தது 233 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 64 மெகாபைட் நினைவகமும் தேவை. நன்றாக நடக்க 300ம் 128ம் வேண்டும். 486ஐயோ ஆரம்பகாலப் பென்டியத்தையோ வைத்திருந்த ஒருவர், தம் தாய்மொழியைத் தடையின்றி எழுதவும், எழுதியதைக் கண்காணாத தேசத்தில் உள்ள தமிழர் அப்படியே படிக்கவும் விரும்பினால், பிராசஸரை மாற்றியே தீர வேண்டியிருந்தது. அவ்வாறு மாற்றியவர்கள் ஆடம்பரத்திற்காக மாற்றவில்லை. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன்னமே, வீட்டு மேசைகளில் அது நிலைபெற்றுவிட்டிருந்தது. நானும் எக்ஸ்பி பரவிய காலத்தில்தான் முதன்முதலாக ஒரு பழைய பெட்டியை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்கினேன். என் பெயரைத் தமிழில் தட்டி, அது வெளியூர் நண்பர் ஒருவரின் திரையில் தமிழாகவே தோன்றியது என்று அவர் மறுமொழி எழுதிய நாள் இன்னும் பசுமையாக நினைவில் இருக்கிறது.

எக்ஸ்பி பரவிய அதே காலத்தில் நடந்தது கிகாஹெர்ட்ஸ் போட்டி. அதனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பென்டியம் 4 வந்த 2000 முதல் நாலைந்து ஆண்டுகள், எண் பெரிதானால் பொறி சிறந்தது என்று கடைக்காரரும் சொன்னார், வாங்குபவரும் நம்பினார். 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியபோது வெப்பம் தாங்க முடியாததாயிற்று. அடுத்ததாகத் திட்டமிட்ட சில்லை 2004இல் இன்டெலே கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ, பாதித் துடிப்பிலேயே பழையதைவிட அதிக வேலையைச் செய்து முடித்தது. இரண்டு கருக்கள் இருந்ததும், ஒவ்வொரு துடிப்பிலும் அதிகக் காரியம் நடந்ததும் காரணம். எண்ணைக் கண்டு வாங்கும் பழக்கம் அத்துடன் அர்த்தமிழந்தது என்றாலும், மக்கள் மனத்தை விட்டு அது இன்னும் நீங்கவில்லை.

பெட்டியை மாற்றாமல் உள்ளிருப்பதை மட்டும் மாற்றும் ‘அசெம்பிள்’ முறை இங்கே வேரூன்றியதும் அக்காலத்தில்தான். சென்னை மவுண்ட் ரோடுக்கு அருகில் உள்ள ரிச்சி தெருவுக்கு விடியற்காலைப் பேருந்தில் போய், போர்டும் பிராசஸரும் நினைவகமும் பேரம் பேசி வாங்கி, மாலைக்குள் திரும்பி வந்து இரவோடிரவாகப் பொருத்திப் பார்த்த இளைஞர்கள் புதுச்சேரிப் பகுதியில் ஏராளம். பாகூர்ப் பக்கத்துக் குடியானவர் பம்புசெட் மோட்டார் புகைந்துபோனால் புதிது வாங்க ஓடுவதில்லை. காயில் கட்டுபவரிடம் எடுத்துச் சென்று, செப்புக்கம்பியை மாற்றிச் சுற்றி, உடலை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் பத்துப் போகம் இறைப்பார். அந்தப் புத்தியே கணிப்பொறியிலும் வேலை செய்தது. ஆனால் மோட்டார்க்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு. பிராசஸர் அமரும் சாக்கெட்டை உற்பத்தியாளர் மாற்றிக்கொண்டே போனார். 2009இல் 1156 ஊசிகள், 2011இல் 1155, 2013இல் 1150, 2015இல் 1151, 2020இல் 1200, 2021இல் 1700, 2024இல் 1851. ஒன்றில் பொருந்தியது மற்றொன்றில் பொருந்தாது; 1151லேயே, ஊசிகளின் எண்ணிக்கை ஒன்றாயிருந்தும், ஆறாம் தலைமுறைக்கு வாங்கிய போர்டு எட்டாம் தலைமுறையை ஏற்கவில்லை. ஆகவே பிராசஸரை மாற்றுவது போர்டை மாற்றுவதாகி, போர்டை மாற்றுவது நினைவகத்தை மாற்றுவதாகி, முடிவில் பழையதில் மிஞ்சுவது இரும்புக்கூடும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியும்தான் என்ற நிலை வந்தது. இதற்கு நேர்மாறாக, ஏ.எம்.டி. நிறுவனத்தார் தங்கள் ஏ.எம்.4 சாக்கெட்டை 2016 முதல் பல தலைமுறைகளுக்கு நிலைநிறுத்தி, பழைய போர்டிலேயே 2022இல் வந்த புதிய பிராசஸரையும் அமர்த்த வழி செய்தார்கள். வாங்குபவனின் பணத்துக்கு மரியாதை கொடுத்த செயல் என்று நான் அதனைக் கருதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் பெட்டி மிகவும் மந்தமாகியபோது, பழுதுபார்க்கும் கடை ஒன்றில் பிராசஸர் பழசாகிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தீர்மானமாகச் சொன்னார்கள். வீட்டுக்கு எடுத்து வந்து நானே கவனித்துப் பார்த்தேன். ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், பிராசஸர் நூற்றுக்கு ஐந்து பங்குகூட உழைக்காமல் சும்மா இருந்தது. சுழலும் வட்டுதான் நூற்றுக்கு நூறு என்று மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. வட்டினை எடுத்துவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி.யை வைத்து, நினைவகத்தை நாலிலிருந்து எட்டு கிகாபைட்டாக்கி, உலர்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்டையும் துடைத்துப் புதிதாக இட்டேன். இரண்டு நிமிஷத்திற்கு மேல் எடுத்துக்கொண்டு எழுந்த பொறி, அரை நிமிஷத்திற்குள் எழுந்துவிட்டது. வேலை எங்கே தேங்குகிறது என்று பாராமல் பிராசஸரை மாற்றியிருந்தால், பெரும்பணத்தைச் செலவிட்டு, அதே தேக்கத்தை வேறொரு பெட்டியில் அனுபவித்திருப்பேன்.

தலைமுறை மாற்றம் முழுக்க முழுக்க நியாயமாகும் இடமும் உண்டு. எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி இருக்கிறார். அவருடைய புதிய கேமரா, எச்.இ.வி.சி. என்னும் முறையில் பத்து பிட் ஆழத்தில் படத்தைச் சுருக்கிப் பதிகிறது. அதனை விரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு தனிச் சுற்று, இன்டெல் மேசைப் பிராசஸர்களில் 2017இல் வந்த ஏழாம் தலைமுறை முதற்கொண்டே இருக்கிறது. அவருடைய நான்காம் தலைமுறைப் பொறியில் அச்சுற்று இல்லாமையால், பொதுக் கருக்களே அந்த வேலையையும் சுமந்து, தாலி கட்டும் காட்சியில் படம் நின்று நின்று நகர்ந்தது. “அண்ணே, ரேம் போட்டா சரியாயிடுமா?” என்று அவர் கேட்டபோது, ஆகாது, உன் தொழிலுக்குப் புதிய பிராசஸர்தான் வேண்டும் என்று நானே சொன்னேன். இப்போது அவர் இரவு விழிக்காமல் ஆல்பம் முடித்துக் கொடுக்கிறார்.

எனக்கு அத்தகைய காரணம் ஒன்றும் இல்லை. நான் செய்வது எழுத்துவேலை, மெய்ப்பு நோக்குதல், கொஞ்சம் கடிதப் போக்குவரத்து. இவற்றுள் எதற்கும் என் பழைய சில்லு போதாமல் போகவில்லை. ஆயினும் எனக்கு மாற்றத்தைப் பற்றிய நிர்ப்பந்தம் வந்திருக்கிறது. அது வந்த விதம் இதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளில் காணாதது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், இன்டெலில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையையும் அதற்கு மேற்பட்டவற்றையுமே ஏற்கும் என்று ஒரு பட்டியலோடு வந்தது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு அதன்பின் ஓராண்டு அவகாசம் தனியே தரப்பட்டது. முன்னெல்லாம் பொறி வேலைக்குப் போதாதபோது அதனை மாற்றினோம். இப்போது வேலைக்குப் போதுமான பொறி, பட்டியலில் பெயர் இல்லாமையால் பழையதாகிறது. பாதுகாப்புக் காரணம் பொய்யென்று நான் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் இரண்டு குறைகள் வெளியானபோது, பிராசஸரின் உள்ளமைப்பிலேயே கள்வனுக்கு வழி திறந்திருக்கக்கூடும் என்பதை உலகம் கண்டது. அவற்றை அடைத்த திருத்தங்களால் பழைய தலைமுறைகள் சற்று மந்தமாயின. காரணம் மெய், ஆனால் அதன் சுமை, ஒரு பெட்டியைப் பதினைந்து வருஷம் பேணி வைத்திருக்கும் எளிய வீட்டின்மீது விழுகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

புதியது வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நிச்சயமும் இல்லை. இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைப் பிராசஸர்கள் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அவ்வாண்டு இறுதியில் புதிய சாக்கெட்டோடு வந்த அதற்கடுத்த வரிசை, மின்செலவைக் குறைத்தது. ஆனால் சில விளையாட்டுகளில் முந்திய தலைமுறைக்குப் பின்தங்கிற்று. வெளிவந்த முதல் மாதத்தில் வாங்கத் துடிப்பவர்கள், ஓராண்டு பொறுத்திருந்து பிறர் அனுபவத்தைக் கேட்டறிந்து வாங்குவதே நலம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்விடத்தில் எனக்கு ஏட்டுச்சுவடிகளின் நினைவு வருகிறது. 1955இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிக்கட்டுகள் காக்கப்படுகின்றன; அங்குள்ள சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலகத்தின் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பனையோலைக்கும் ஆயுள் உண்டு. அது நொறுங்கத் தொடங்கும் முன் புதிய ஓலையில் படியெடுத்துவிட வேண்டும் என்பதை அக்காலத்து ஏடெழுதுவோர் நன்கறிந்திருந்தார்கள். ஓலை திடமாக இருக்கும்போதே படியெடுத்து அவர்கள் உழைப்பை விரயமாக்கவில்லை, நொறுங்கிய பின் வருந்தவும் இல்லை. அந்தப் பரம்பரை அற்ற பிறகோ, வீட்டில் கிடந்த கட்டுகளைப் பயனற்றவை என்று எண்ணி, ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விட்டவர்கள் இருந்தார்கள். பழையதை எப்போது புதுப்பிப்பது என்பதை நிர்ணயிக்க, அதனைத் தினமும் கையாளும் ஒருவரின் கண் வேண்டும். அந்தக் கண் இல்லாத வீட்டில் ஓலை ஆற்றுக்குப் போகிறது. இன்று அதேபோல், இன்னும் இயங்கும் பெட்டிகள், ஈயமும் காட்மியமும் உள்ளே இருக்க, பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டுப் போகின்றன.

புதுச்சேரியின் தொழிற்கூடங்களுக்கும் அவ்வாறே காலம் வந்தது. உலக வர்த்தக நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997இல் இந்தியா சேர்ந்ததன் பயனாகக் கணிப்பொறிகளின் மீதான இறக்குமதித் தீர்வை 2005க்குள் அறவே நீங்கிற்று. வரிவிலக்கின் ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. 2007 ஜூலையில் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியும் வந்து, எல்லைக்கோட்டின் இருபுறத்தையும் சமமாக்கின. விப்ரோ 2013இல் கணிப்பொறி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, எச்.சி.எல்.லும் அத்தொழிலை விட்டு விலகிற்று. இடையார்பாளையத்து லெனோவோ கூடம் நின்று நிலைத்தது. 2023இல் மத்திய அரசு 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்து, இறக்குமதிக்கும் அனுமதிமுறை ஒன்றைக் கொண்டுவந்த பின், உள்நாட்டில் உறுப்புகளைக் கோக்கும் வேலைக்கு மறுபடியும் உயிர் வந்தது. 2024 செப்டம்பரில் லெனோவோ, செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் ஆண்டுக்கு 50,000மும், ஜி.பி.யு. பொருத்திய பெருஞ்சர்வர்கள் 2,400மும் தன் புதுச்சேரித் தொழிற்கூடத்தில் செய்யப்போவதாக அறிவித்தது.

இதனோடு என் மேசைக்குள்ள சம்பந்தத்தை நான் கடந்த சில மாதங்களில்தான் அறிந்தேன். புதிய தலைமுறைக்குப் போனால் டி.டி.ஆர்.5 நினைவகம் வாங்க வேண்டும். என் பழைய டி.டி.ஆர்.3 பொருந்தாது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, உலகெங்கும் செயற்கை நுண்ணறிவுச் சர்வர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், வீட்டுக் கணிப்பொறிக்கான நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்திற்குக் காரணமான பொறிகளின் இனத்தைச் சேர்ந்தவற்றையே என் வீட்டிற்கு அருகில் உள்ள கூடமும் செய்ய முற்பட்டிருக்கிறது.

ஆகவே, நான் என் மூன்றாம் தலைமுறையை இப்போதைக்கு மாற்றவில்லை. விண்டோஸை எடுத்துவிட்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் கிடைக்கும் லினக்ஸ் ஒன்றை அதே எஸ்.எஸ்.டி.யில் ஏற்றினேன், தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருந்தது, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் சரியாக வந்து நின்றன. பணம் சம்பந்தப்பட்ட காரியங்களை மட்டும் என் மகளின் புதிய பொறியில் செய்துகொள்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்தப் பழைய பெட்டியில்தான் எழுதப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கையில், இரவு பத்து மணிக்கு மேல், சுண்ணாம்பாற்றுப் பாலத்தை நோக்கி லாரிகள் போகும் ஓசை கேட்டது.